ஆவுடையம்மாள் சார்பில்

ஜூன் 3, செவ்வாய்

மருத்துவமனையிலிருந்து வந்து ஐந்து நாள் ஆகிறது. நாட்குறிப்பு எழுதினால் மனம் லேசாகும் என்று அங்கே ஒரு பெண் சொன்னாள். என் மனத்தை லேசாக்கித் தரும்படி நான் யாரிடமும் விண்ணப்பிக்கவில்லை. ஆனாலும், ஒரு மாணவன் பாதியில் விட்டுப்போன செய்முறைப் பதிவேட்டில் ஐம்பது தாள் வெள்ளையாகக் கிடக்கிறது. தாளை வீணாக்குவது என் பழக்கம் இல்லை.

கோமதிநாயகம், வயது ஐம்பத்தாறு, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர், இப்போது மருத்துவ விடுப்பில். என் இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ள வேண்டிய ரத்தத்தில் பாதியைத்தான் தள்ளுகிறதாம். ‘இதயச் செயலிழப்பு’ என்று சீட்டில் அச்சடித்திருக்கிறார்கள். செயலிழந்தது என்றால் நின்றுபோனது. நின்றுபோன இதயத்தை வைத்துக்கொண்டு நான் எப்படி ஆட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்தேன்? ‘இதயத் தளர்ச்சி’ என்று பதினோரு ஆண்டுக்கு முன்பே கலைச்சொல் குழுவில் எழுதிக் கொடுத்தேன். அந்த அகராதியில் நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள் என்னுடையவை. அச்சாகி வந்தபோது குழுவினர் பட்டியலில் என் பெயர் இல்லை. “அச்சுக்கூடத்துல விட்டுப்போச்சு” என்றார் தலைவர் செங்குட்டுவன். எழுபது பேரில் ஒருவன் மட்டும் எப்படி விட்டுப்போவான்? அவர் போன மாதம் மருத்துவமனைக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். நான் உறங்குவதுபோல் கிடந்தேன். ஆவுடை அவரிடம் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். ஆப்பிளை நான் தொடவில்லை.

ஆவுடை என் மனைவி ஆவுடையம்மாள். மருத்துவமனையின் கணக்கில் அவள் ‘பராமரிப்பாளர்’. ‘இதயத்துணை’ என்று ஒரு செயலி வைத்திருக்கிறார்கள். இதய நோயருக்கும் அவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் மன ஆறுதல் தருவதற்காம். ஞாயிறுதோறும் இரண்டு படிவம் நிரப்ப வேண்டும். நோயருக்கு ஒன்று, பராமரிப்பாளருக்கு ஒன்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆலோசகர் திரையில் தோன்றிப் பேசுவார். பெனிட்டா என்று பெயர். என் மாணவியாக இருந்திருக்கக்கூடிய வயது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அந்தப் பெண் ஆவுடையைப் பார்த்து, “அம்மா, உங்க போன் நம்பர் சொல்லுங்க, உங்களுக்குத் தனிக் கணக்கு” என்றாள். ஆவுடை பையிலிருந்து தன் பட்டன் போனை எடுப்பதற்குள் நான் என்னுடைய இரண்டாவது சிம் எண்ணைச் சொல்லிவிட்டேன்.

“ரெண்டும் என் போன்லயே இருக்கட்டும். அவளுக்கு இதெல்லாம் பழக்கமில்ல.”

பெனிட்டா ஆவுடையைப் பார்த்தாள். ஆவுடை, “அவங்க பாத்துக்கிடுவாங்க” என்று சொல்லி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். எங்களுக்கு ஒரே மகள், நறுமுகை. கோயம்புத்தூரில் இருக்கிறாள். நான்கு ஆண்டுக்கு முன் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அதன்பிறகு தொலைபேசியில் தெரிவித்தாள். அன்றிலிருந்து நான் அவளோடு பேசுவதில்லை. சாதி காரணமில்லை, சொல்லாமல் செய்ததுதான் காரணம் என்று எல்லாரிடமும் விளக்கியிருக்கிறேன். முன்கூட்டியே சொல்லியிருந்தால் சம்மதித்திருப்பீர்களா என்று ஆவுடை ஒருமுறை கேட்டாள். அது வேறு கேள்வி. இப்போது நறுமுகைக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது வழக்கம். இங்கே வர ஆசைப்படுகிறாள் என்று மே மாதம் ஒருநாள் ஆவுடை சொன்னாள். இந்தப் படி ஏறக்கூடாது என்றேன். “அப்ப நான் அங்க போயி இருக்கட்டுமா?” என்றாள். அன்று மாலைதான் எனக்கு மூச்சு முட்டி மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

முதல் படிவம். ‘கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்தீர்களா?’ அகராதி வெளிவந்த ஆண்டிலிருந்து இருக்கிறேன். அதற்குக் கட்டம் இல்லை. ‘சில நாட்கள்’ என்று தொட்டேன்.

அடுத்து ஆவுடையின் படிவம். அவள் அடுக்களையில் என் ஒரு நாள் தண்ணீரை அளந்து போத்தல்களில் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஒன்றரை லிட்டர்; காப்பியும் ரசமும் அதற்குள் அடக்கம். நான் நாற்காலியிலிருந்தே உரக்கப் படித்தேன்.

“பராமரிப்பதை நீங்கள் சுமையாக உணர்கிறீர்களா?”

“என்னது?”

“சுமையா இருக்கான்னு கேக்கான்.”

“சுமையா? மூட்டையா தூக்குதேன்?” என்று சிரித்தாள். “இருங்க, கை ஈரமா இருக்கு, வாரேன்.”

ஐந்து நிமிடம் ஆகியும் வரவில்லை. பால் பொங்கிவிட்டதாம். நானே ‘ஒருபோதும் இல்லை’ என்று தொட்டேன். சிரித்தாளே, அதுதானே பதில். மீதி இருபது கேள்விக்கும் அவளை அலைக்கழிக்க வேண்டாம் என்று நானே விடையளித்தேன். ரேஷன் அட்டை, வங்கி, வாக்காளர் பட்டியல் என்று இந்த வீட்டில் எல்லாப் படிவமும் நான்தான் நிரப்பியிருக்கிறேன். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ஜூன் 9, திங்கள்

காலை எடை 68.4. உப்பில்லாத ரசம் என்பது வெந்நீர் போட்டுக்கொண்ட வேடம்.

ஜூன் 15, ஞாயிறு

ஆவுடை கோயிலுக்குப் போயிருந்தாள். இரண்டு படிவத்தையும் அரை மணியில் முடித்தேன்.

‘உங்களுக்குப் போதிய உறக்கம் கிடைக்கிறதா?’ நான் இரவில் மூன்று முறை கூப்பிட்டால் மூன்று முறையும் ஒரே குரலில் வந்துவிடுகிறாள். அவ்வளவு தெளிவாக வருகிறவள் நன்றாக உறங்கியிருக்க வேண்டும். ‘ஆம்.’

‘உங்களுக்கென்று நேரம் கிடைக்கிறதா?’ நாள்தோறும் அரை மணி தொடர் பார்க்கிறாள். நான் செய்தி பார்க்காத நாட்களில். ‘ஆம்.’

‘நோயரை விட்டு வெளியூர் செல்ல வேண்டிய தேவை உங்களுக்கு வரவிருக்கிறதா? இருந்தால் மாற்று ஆள் ஏற்பாடு செய்ய உதவுவோம்.’

இதைப் பலமுறை படித்தேன். தேவை வேறு, ஆசை வேறு. கேள்வி தேவையைப் பற்றியது. ‘இல்லை’ என்று தொட்டேன்.

கடைசியில் ஒரு பெட்டி: ‘உங்கள் மனத்தில் உள்ளதைச் சொந்தச் சொற்களில் எழுதுங்கள்.’ வெறுமையாக விட்டால் நன்றாக இராது. எழுதினேன்: ‘என் கணவரைப் பேணுவதைக் கடமையாகக் கருதுகிறேன். இல்லற வாழ்க்கைச் சுமைகளை இருவரும் பகிர்ந்தே சுமந்திருக்கிறோம். எனக்குத் தனிப்பட்ட குறைகள் எவையும் இல்லை.’ படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

ஜூன் 18, புதன்

செயலியில் இதுவரை முப்பத்தேழு பிழை கண்டிருக்கிறேன். ‘கேள்வி பட்டியல்’, ‘மனநல கேள்விகள்’, ‘மூச்சு பயிற்சி’. க், ச், த், ப் போடுவதற்கு இவர்களுக்குக் கை வராதா? பட்டியலிட்டு, விதியோடு, நான்கு பக்கக் கடிதம் அனுப்பினேன். சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று பதிலாக வந்தது.

ஜூன் 22, ஞாயிறு

பெனிட்டா திரையில் வந்தாள். எனக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். நான்கு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு. இதைச் சொல்ல ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

“சார், உங்களுக்கு யார் மேலயாவது கோவம் இருக்கா?”

“நேரம் எவ்வளவு இருக்கு உங்களுக்கு?”

சிரித்துவிட்டாள். பிறகு, “அம்மாகூட ஒரு பத்து நிமிசம் தனியா பேசணும்” என்றாள். ஆவுடை குளிக்கிறாள் என்றேன். அப்போது ஆவுடை பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். துவைத்து முடித்ததும் குளிப்பாள். பெரிய வேறுபாடு இல்லை.

“அம்மா நல்லா எழுதுதாங்க சார்” என்றாள் பெனிட்டா.

“ஆமாம், அவளுக்கு ஓரளவு மொழி வரும்” என்றேன்.

அழைப்பு முடிந்து பின்கட்டுக்குப் போனேன். குழாய் திறந்தபடி இருந்தது. வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஆவுடை துவைகல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

“தண்ணி வீணாப் போகுது பாரு.”

“ஆமா, மறந்துட்டேன்” என்று எழுந்து குழாயை மூடினாள். முகம் நனைந்திருந்தது. குழாயடியில் முகம் நனைவது இயல்பு.

ஜூன் 26, வியாழன்

மாத்திரை வாங்கிவர இரண்டு மணி நேரம் ஆகிறது அவளுக்கு. போன வியாழனும் இப்படித்தான், நான்கு மணிக்குப் போய் ஆறு மணிக்கு வந்தாள். கடை இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. கேட்டதற்குக் கூட்டம் என்றாள்.

ஜூலை 3, வியாழன்

இன்றும் நான்கு மணிக்குப் போனாள். அவள் இல்லாத நேரத்தில் அலமாரியின் மேல்தட்டிலிருந்து மோர்மிளகாய் டப்பாவை எடுத்தேன். எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறாள். ஆறு பொரித்தேன். ஐந்து வாரமாக உப்புக்கு ஏங்கும் நாக்குக்கு அது ஒரு நல்ல செய்தி மாதிரி இருந்தது. இரண்டு வியாழனாகவே இப்படித்தான். சட்டியைக் கழுவி வைத்துவிட்டேன்.

ஜூலை 5, சனி

நேற்று காலை எடை 70.6. காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. மருத்துவமனைக்குப் போய் நீர் இறங்க ஊசி போட்டுக்கொண்டு ஒரு பகல் முழுக்கப் படுத்திருந்தேன்.

மருத்துவர் வந்து என்னைப் பார்க்கவில்லை. ஆவுடையைப் பார்த்துத்தான் கத்தினார்.

“ஏம்மா, எத்தன தடவ சொல்றது? ரெண்டு நாள்ல ரெண்டு கிலோ ஏறியிருக்கு. உப்ப அள்ளிக் கொட்டினா இப்படித்தான். உங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்கணுமா வேண்டாமா?”

“போடலையே டாக்டர். அளந்துதான்…”

“போடாம எப்படிம்மா ஏறும்? காத்துல வருமா?”

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆவுடையும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் ஒரு இறக்கை மற்ற இரண்டைவிடக் கறுத்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் நாற்காலி போட்டு ஏறி மோர்மிளகாய் டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். குப்பையில் கொட்டிவிட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஜூலை 6, ஞாயிறு

‘உங்கள் மீது பிறர் அநியாயமாகக் குற்றம் சுமத்துவதாக உணர்கிறீர்களா?’

ஆவுடையம்மாள் சார்பில்: ‘ஒருபோதும் இல்லை.’

ஜூலை 10, வியாழன்

அவள் கிளம்பிக் கால் மணி கழித்து மருந்துக்கடைக்குத் தொலைபேசியில் கேட்டேன்.

“அக்கா அப்பவே வாங்கிட்டுப் போயிட்டாங்களே சார். எப்பவும் அஞ்சு நிமிசத்துல போயிருவாங்க” என்றான் கடைக்காரன்.

ஆறேகால் மணிக்கு வந்தாள். நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் எனக்கு முப்பது ஆண்டுப் பயிற்சி உண்டு. இரவு உணவின்போது அவள்தான், “என்ன, மூஞ்சி தூக்கிவச்சிருக்கீங்க?” என்றாள். “என் மூஞ்சி, என் இஷ்டம்” என்றேன். நறுமுகை ஊருக்குள் வந்து எங்கோ தங்கியிருக்கிறாள், இவள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள் என்று நினைக்கிறேன். என் ஊரில், என் முதுகுக்குப் பின்னால்.

ஜூலை 13, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போன வாரம் வர வேண்டிய பெனிட்டா இன்று காலை பத்துக்குத் திரையில் வந்தாள். உறக்கம், எடை, மூச்சு எல்லாம் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சார், ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கிட மாட்டீங்களே” என்றாள்.

“கேளுங்க.”

“அம்மா கணக்குலருந்து வாரதெல்லாம் நீங்க எழுதுததுதானே?”

“எதை வச்சுச் சொல்றீங்க?”

“ப் வச்சு சார்.”

“என்ன?”

“நீங்க எங்களுக்கு ஒரு லெட்டர் போட்டீங்கல்லா, முப்பத்தேழு தப்புன்னு? அத நாங்க ஆபீஸ்ல எல்லாரும் படிச்சோம். அதுக்கப்புறம் அம்மா எழுதினத எடுத்துப் பாத்தேன். ‘வாழ்க்கைச் சுமைகள்’னு ச் போட்டிருந்தாங்க. ‘கணவரைப் பேணுவதைக் கடமையாகக் கருதுகிறேன்’ல ஒரு ப், ரெண்டு க். எங்க திட்டத்துல நூத்தி முப்பது குடும்பம் இருக்கு சார். ஒருத்தரும் இப்படிப் போடறதில்ல. நானே போடறதில்ல.”

அவள் கேலி செய்யவில்லை. அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை.

“பிழையில்லாம எழுதுறது குத்தமா?”

“இல்ல சார். ஆனா அது உங்க எழுத்து. அம்மா எழுத்து எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியும். ஜூன் பத்தொன்பதுலருந்து அவங்க சொந்தப் போன்ல தனிக் கணக்கு வச்சிருக்காங்க. வியாழக்கிழமை சாயங்காலம் இங்க பராமரிப்பாளர் கூட்டத்துக்கு வாராங்க. உங்ககிட்ட நானே சொல்லட்டுமான்னு கேட்டேன், சரின்னுட்டாங்க.”

“அவகிட்ட பட்டன் போன்தானே இருக்கு.”

“புதுப் போன் சார். ரொம்ப வேகமா டைப் பண்ணுவாங்க. டைப்ரைட்டிங்ல ஹையர் முடிச்சவங்களாமே?”

ஆமாம். கல்யாணத்தின்போது பதிவாளர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தாள். நறுமுகை பிறந்ததும் நான் நிறுத்தச் சொன்னேன். மறந்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

“என்ன எழுதியிருக்கா?”

“அத நான் சொல்லக்கூடாது சார். நீங்க என்கிட்ட சொல்லுததையும் அவங்ககிட்ட சொன்னதில்லல்லா.”

நான் அழைப்பை வெட்டிவிட்டேன்.

ஆவுடை அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. கையில் முருங்கைக்கீரைக் கொத்து.

“எல்லாம் கேட்டியா?” என்றேன்.

“கேட்டேன்.”

“ரகசியமாப் போன் வேற. யார் கொடுத்தா?”

“நறு அனுப்பினா. ரெண்டு மாசமாச்சு. பெட்டியப் பிரிக்கவே இல்ல நான். மாத்திர வாங்கப் போனவ அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனேன், அந்தப் பிள்ள பெனிட்டா, நீங்க எழுதினத எனக்குக் காட்டுச்சு. அன்னைக்குத்தான் பிரிச்சேன்.”

“நான் என்ன தப்பா எழுதிட்டேன்?”

“ஒரு தப்பும் இல்ல. வாசிக்க நல்லாத்தான் இருந்துச்சு. யாரோ ஒரு பொம்பள நல்லா இருக்கான்னு தெரிஞ்சுது.” கீரையை உருவத் தொடங்கினாள். “வெளியூர் போற தேவை இருக்கான்னு கேட்டதுக்கு இல்லன்னு போட்டிருக்கீங்களே, அத மட்டும் என்கிட்ட கேட்டிருக்கலாம்.”

“என்னை இந்த நிலைமையில விட்டுட்டுப் போவியா?”

“அதான் ஆள் தாரோம்னு சொல்லுதாங்களே. இல்லன்னு போட்டதால நம்ம பேரு பட்டியல்ல இல்லாம போச்சு. நானா போயிச் சொல்லி இப்பத்தான் போட்டிருக்காங்க.”

பட்டியலில் பெயர் இல்லாமல் போவதைப் பற்றி என்னிடம் சொல்கிறாள்.

ஜூலை 14, திங்கள்

எடை 68.9. பேச்சில்லை.

ஜூலை 16, புதன்

பராமரிப்பாளர் கணக்கு என் போனிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. ‘நீக்கப் பட்டது’ என்று பிரித்து எழுதியிருந்தார்கள். நான் கடிதம் எதுவும் எழுதவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் ஆவுடை எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் அப்படி எதிரே உட்கார்ந்து பேசுவது அபூர்வம். நின்றுகொண்டோ, போகிற போக்கிலோதான் பேசுவாள்.

“வெள்ளிக்கிழம காலையில கோயம்புத்தூர் போறேன். பஸ்ஸுக்குச் சீட்டு போட்டாச்சு. அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்காம், முன்கூட்டியே ஆயிரும்னு சொல்லிருக்காங்க. இங்க காலையில ஸ்டீபன்னு ஒருத்தர் வருவாரு, நர்சா இருந்து ஓய்வு பெத்தவரு. மத்தியானம் மெஸ்லருந்து உப்பில்லாம சாப்பாடு வரும். ராத்திரிக்குத் துணை அவரு தம்பி வந்து படுத்துக்கிடுவாரு. எல்லாம் பேசியாச்சு.”

“என்கிட்ட கேக்கணும்னு தோணலையா?”

“இப்ப கேக்கத்தான் உக்காந்திருக்கேன்.” கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். “அவ இங்க வரத்தான் ஆசப்பட்டா. இன்னமும் நேரம் இருக்கு. கார் வச்சுப் படுக்கப்போட்டுக் கூட்டியாந்திரலாம், டாக்டர் சரின்னுட்டாரு. தலைப்பிரசவம். நீங்க வான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் எங்கயும் போகல. உங்களையும் பாத்துக்கிடுதேன், அவளையும் பாத்துக்கிடுதேன்.”

“யோசிச்சுச் சொல்றேன்.”

“நாலு வருசமா யோசிக்கீங்க.”

“அவ என்கிட்ட கேட்டாளா?”

“கேட்டா நீங்க போனை எடுக்கணுமே.”

“எடுக்க மாட்டேன்னு யார் சொன்னா?”

“ஆறு தடவ அடிச்சா. தீவாளிக்கு, பொங்கலுக்கு, நீங்க ஆஸ்பத்திரில கெடந்தப்ப. ஆறு தடவயும் நான் பக்கத்துல இருந்தேன்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மூச்சு முட்டியது. உண்மையாகவே முட்டியது, இங்கே பொய் எழுதி எனக்கு என்ன ஆகப்போகிறது? அவள் உடனே எழுந்து தலையணையை முதுகுக்குக் கொடுத்தாள், விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டினாள், எண்ணைப் பார்த்தாள். தொண்ணூற்றாறு. மாட்டிய கருவியைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிப் போய்விட்டாள். மே மாதம் அவள் இப்படிக் கருவியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 24, வியாழன்

வெள்ளிக்கிழமைக்கு முன் சொல்லலாம் என்றிருந்தேன். இன்று முழுவதும் அவள் பெட்டி அடுக்கினாள். பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து, குழந்தைக்குத் துணியாக மடித்து வைத்தாள். என் வேட்டிகள். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பேச்சிலேயே சொல்லியிருப்பேன்.

ஜூலை 25, வெள்ளி

போய்விட்டாள்.

ஜூலை 29, செவ்வாய்

ஸ்டீபன் ஏழு மணிக்கு வருகிறார். எடை பார்க்கிறார், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார், வாயை மூடுவதில்லை.

“சார், இப்படியே மொறச்சுக்கிட்டிருந்தா பிரஷர் மிஷினே பயந்துரும்.”

“உங்க வேலைய மட்டும் பாருங்க.”

“அதத்தான பாக்கேன். இதுவும் வேலைலதான் சேத்தி. அம்மா எழுதிக் கொடுத்துட்டுப் போயிருக்காங்கல்லா.”

குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். ஆவுடையின் கையெழுத்து. மாத்திரை வேளை, தண்ணீர் அளவு, எந்தத் தலையணை மேலே, எது கீழே. ‘காலையில் செய்தித்தாள் படித்து முடிக்கும் வரை பேச்சுக் கொடுக்க வேண்டாம். கோபப்பட்டால் பதில் சொல்லாமல் ரெண்டு நிமிடம் வெளியே போய்விட்டு வரவும். தனியாக ரொம்ப நேரம் விடவும் கூடாது.’ அடியில் நறுமுகையின் எண்.

ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று தேடினேன். ‘பேச்சுக் கொடுக்க’வில் க் போட்டிருந்தாள். முப்பது ஆண்டில் அவள் எழுதிய எதையும் நான் படித்ததில்லை என்று தோன்றியது. எழுதிய எதுவும் என் கண்ணில் படும்படி இருந்ததில்லை என்பதும் உண்மை.

ஆகஸ்டு 6, புதன்

பெண் குழந்தை. ஆவுடைதான் அழைத்தாள்.

“பொம்பளப்பிள்ள. ரெண்டே கால் கிலோ. ஆப்பரேசன் பண்ணித்தான் எடுத்தாங்க.”

“சரி.”

பின்னால் யாரோ பேசுவதும் ஒரு கதவு சாத்துவதும் கேட்டது.

“வேற ஒண்ணும் கேக்கலையா?”

“என்ன கேக்கணும்?”

“ஒண்ணுமில்ல. மாத்திர போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

ஆகஸ்டு 10, ஞாயிறு

பெனிட்டாவிடம் மறுபடி பேசினேன். அழைப்பை வெட்டியதற்கு அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. பேத்தி பிறந்ததைச் சொன்னேன்.

“சந்தோசம் சார். பேசினீங்களா மககிட்ட?”

“என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்றீங்களா?”

“இல்ல சார். கூப்பிடச் சொல்லுதேன்.”

“என்ன பேசறது?”

“அவங்க உங்ககிட்ட வீட்டுக்கு வரட்டுமான்னு கேட்டிருந்தாங்கன்னா, அதுக்குப் பதில சொல்லலாம்.”

தாமதமாக வந்த பதிலுக்கு மதிப்பெண் உண்டா என்று கேட்டேன். நகைச்சுவைக்காகக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

ஆகஸ்டு 17, ஞாயிறு

எடை 67.8. கணுக்காலில் வீக்கம் இல்லை. மாடிப்படி பன்னிரண்டும் நிற்காமல் ஏறினேன். ஸ்டீபன் கை தட்டினார். வீட்டில் யாரிடமாவது சொல்லலாம் என்று திரும்பினேன்.

மாடி அறை தூசியாக இருந்தது. முன்பு நறுமுகை படித்த அறை. பெருக்கச் சொன்னேன். சன்னலுக்கு வலை அடிக்க ஒரு ஆளைக் கூட்டிவரச் சொன்னேன். எதற்கு என்று ஸ்டீபன் கேட்டார். கொசு என்றேன்.

ஆகஸ்டு 24, ஞாயிறு

சொல்ல வேண்டியதை நேற்றே முடிவு செய்துவிட்டேன். ‘நறுமுகை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா.’ ஐந்து சொல். வேறு எதுவும் வேண்டாம். விளக்கம் வேண்டாம், பழைய கதை வேண்டாம். மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ‘கூட்டிக்கொண்டு’ எழுத்து வழக்காக இருந்தது. ‘கூட்டிக்கிட்டு’ என்று மாற்றினேன்.

பதினொரு மணிக்கு, ஸ்டீபன் கடைக்குப் போன பிறகு, தாளில் இருந்த எண்ணை அழுத்தினேன். நான்காவது மணியில் எடுத்தாள்.

“அப்பா?”

நான்கு ஆண்டாகக் கேட்காத குரல். கொஞ்சம் தடித்திருந்தது. பின்னால் குழந்தை அழுதது. நான் மூச்சை இழுத்தேன். அதற்குள் அவளே பேசினாள். அவசரமாக, ஒரு அலுவலகத்தில் பதில் சொல்வதுபோல.

“அம்மா பிள்ளையக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கா. போன் உள்ள கெடக்கு, அதான் எடுத்திருக்க மாட்டா. முடிச்சதும் பேசச் சொல்லுதேன்.”

நான் உன்னிடம் பேசத்தான் கூப்பிட்டேன் என்று சொல்லியிருக்கலாம்.

“சரி” என்றேன்.

அவள் ஒரு நொடி காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். காத்திருந்தாளா, போனை வைக்கப் பொத்தானைத் தேடினாளா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வைத்துவிட்டாள்.

கால் மணி கழித்து ஆவுடை அழைத்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

“என்னாச்சு? நறு போனுக்கு அடிச்சீங்களாமே? என்ன வேணும்?”

“நீர் மாத்திரை எங்க வச்சிருக்கன்னு கேக்கலாம்னுதான்.”

“மஞ்ச டப்பாவுல, ரெண்டாவது தட்டுல.”

“சரி” என்று சொன்னேன். மாத்திரை அட்டை என் கையிலேயே இருந்தது.